கூண்டில் நிற்கும் உரிமை: லாகூர் வழக்கு முதல் புதிய குற்றவியல் சட்டம் வரை

(கட்சி அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1929 செப்டம்பர் 12 அன்று சிம்லாவில் கூடியிருந்த மத்திய சட்டமன்றத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு மசோதாவை விவாதத்துக்கு வைத்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு சிறு திருத்தம் என்றே அது அறிமுகமானது. குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் தமது செயலாலேயே நீதிமன்றத்துக்கு வர இயலாத நிலைக்குத் தம்மை ஆளாக்கிக்கொண்டால், அவர் இல்லாமலேயே விசாரணையைத் தொடர்ந்து நடத்தலாம் என்பது அதன் சாரம். பெயரளவில் அது நாடு முழுமைக்குமான பொதுச் சட்டம். அதன் குறியோ லாகூர் சிறையில் இருந்தது.

அங்கே பகத்சிங்கும் அவரது தோழர்களும் உண்ணாநிலைப் போராட்டத்தில் இருந்தனர். அரசியல் கைதிகளை மனிதர்களாக நடத்த வேண்டும், நல்ல உணவும் படிக்க நூல்களும் நாளேடுகளும் தர வேண்டும் என்பவை அவர்களது கோரிக்கைகள். ஜூன் நடுவில் தொடங்கிய போராட்டம் செப்டம்பரிலும் நீடித்தது. உடல் நலிந்த கைதிகளால் நீதிமன்றத்துக்கு வர முடியவில்லை. வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிப்போயிற்று. கோரிக்கையை ஏற்றிருந்தால் போராட்டம் முடிந்திருக்கும், விசாரணையும் நடந்திருக்கும். காலனி அரசு அதைச் செய்ய விரும்பவில்லை. கைதிகள் வர முடியாவிட்டால், கைதிகள் இல்லாமலே நீதிமன்றத்தை நடத்திவிடலாம் என்ற முடிவுக்கு அது வந்தது.

அந்த மசோதாவை எதிர்த்து அவையில் விரிவாகப் பேசியவர் முகமது அலி ஜின்னா. அவர் புரட்சியாளர் அல்லர். பகத்சிங்கின் பாதையை ஏற்றவரும் அல்லர். அவர் ஒரு வழக்கறிஞர். குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாத விசாரணை விசாரணையே ஆகாது, அது நீதியின் பெயரால் நடத்தப்படும் கேலிக்கூத்து என்பதே அவரது வாதத்தின் அச்சாணி. செப்டம்பர் 12 அன்று தொடங்கிய அந்த உரை 14 அன்றுதான் நிறைவுற்றது. இடைப்பட்ட 13ஆம் நாளில், 63 நாள் உண்ணாநிலைக்குப் பின் ஜதீந்திரநாத் தாஸ் லாகூர் சிறையில் உயிர் நீத்தார். மசோதாவை உடனே நிறைவேற்ற அவை இசையவில்லை. பொதுமக்கள் கருத்துக்கு அனுப்பும்படி முடிவு செய்தது. அரசு அவ்வழியைக் கைவிட்டு, வேறு வழி தேடியது.

அந்த வேறு வழி அவசரச் சட்டம். 1930 மே 1 அன்று வைஸ்ராய் இர்வின் 'லாகூர் சதி வழக்கு அவசரச் சட்டத்தை' பிறப்பித்தார். ஒரே ஒரு வழக்குக்காக ஒரு சட்டம். மூன்று நீதிபதிகள் கொண்ட தனித் தீர்ப்பாயம். அதன் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் இல்லாமலும் விசாரணை நடத்த அதிகாரம் உண்டு. சட்டமன்றம் தர மறுத்ததை வைஸ்ராயின் கையெழுத்து தந்துவிட்டது.

மே 5 அன்று லாகூர் பூஞ்ச் மாளிகையில் விசாரணை தொடங்கியது. மே 12 அன்று கைதிகள் முழக்கமிட்டுப் பாடியபோது, தலைமை நீதிபதி கோல்ட்ஸ்ட்ரீம் அவர்களுக்குக் கைவிலங்கு பூட்ட உத்தரவிட்டார். நீதிபதிகளின் கண்ணெதிரிலேயே காவலர்கள் கைதிகளை அடித்தனர். அந்த உத்தரவில் தமக்குப் பங்கில்லை என்று பதிவு செய்தார் மூவரில் ஒருவரான நீதிபதி ஆகா ஹைதர். அடுத்த மாதமே தீர்ப்பாயம் மாற்றி அமைக்கப்பட்டது; அதில் ஆகா ஹைதர் இல்லை. அடி வாங்கிய நீதிமன்றத்துக்கு வர கைதிகள் மறுத்தனர். அதன் பின் கூண்டு காலியாகவே இருந்தது. நானூற்றுக்கும் மேற்பட்ட அரசுத் தரப்புச் சாட்சிகள் வந்து பேசிச் சென்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் குறுக்குக் கேள்வி கேட்க எவரும் இல்லை. முன்னாள் தோழர்களாக இருந்து அப்ரூவர்களாக மாறியவர்களின் சொற்களே வழக்கின் முதுகெலும்பாயின. 1930 அக்டோபர் 7 அன்று பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோதும் அவர்கள் அந்த மன்றத்தில் இல்லை. 1931 பிப்ரவரியில் லண்டன் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டு மனுவை ஏற்க மறுத்தது. அவசரநிலை இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்பவர் வைஸ்ராயே என்று அது சொல்லிவிட்டது. மார்ச் 23 அன்று மூவரும் தூக்கிலிடப்பட்டனர்.

கைதிகள் தாமாகத்தானே வர மறுத்தனர் என்று அன்றும் சிலர் கேட்டனர். இன்றும் கேட்கக் கூடும். ஒருவர் தமது உரிமையைத் துறப்பது வேறு. அதைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கிவிட்டு, 'துறந்துவிட்டார்' என்று அரசு எழுதிக்கொள்வது வேறு. இன்றைய பேச்சின் மையம் இந்த வேறுபாடுதான்.

முன்னிலை என்பது என்ன?

குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில்தான் சாட்சியம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது ஒரு சடங்கு அல்ல. அதன் பொருளைத் தமிழர்களுக்கு எளிதில் விளக்க ஒரு காப்பியமே இருக்கிறது. கோவலன் பாண்டியன் முன் நிறுத்தப்படவில்லை. பொற்கொல்லன் ஒருவன் சொன்னான், அரசன் அவசரத்தில் ஆணையிட்டான், காவலர்கள் கொன்றனர். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று கொலைக்களத்தில் எழுந்த ஐயத்தையும் பொற்கொல்லனே பேசி அடக்கினான். கண்ணகி அவைக்கு நேரில் வந்து நின்று, சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகுதான் பரல் முத்தா மாணிக்கமா என்ற கேள்வியே எழுந்தது. வழக்கைத் தீர்க்கும் ஆதாரம் முதலிலிருந்தே இருந்தது. அதை எடுத்துச் சொல்லக் கூடிய ஒருவர் அவையில் இல்லை. மதுரை எரிந்ததற்குக் காரணம் அதுதான்.

சாட்சி சொல்வது பொய் என்று தெரிந்தவர் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவரே. சம்பவ இடத்தில் விளக்குக் கம்பம் இருந்ததா, அன்று அந்தச் சாட்சி ஊரில் இருந்தாரா, அவருக்கும் தமக்கும் முன்பகை உண்டா என்பவை வழக்கறிஞரின் கட்டில் இருக்காது. கூண்டில் நிற்பவர் மெல்லக் குனிந்து தம் வழக்கறிஞரிடம் சொல்லும் ஒரு வாக்கியம், ஒரு வழக்கையே திருப்பிவிடும். அந்த வாக்கியம் சொல்லப்படும் தருணத்தைத்தான் சட்டம் 'முன்னிலை' என்ற சொல்லால் காக்கிறது.

கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு இதன் அருமை கூடுதலாகவே தெரியும். 1933இல் ரைக்ஸ்டாக் தீ வைப்பு வழக்கில் லைப்சிக் நீதிமன்றக் கூண்டில் நின்ற ஜியார்ஜி டிமிட்ரோவ், சாட்சி சொல்ல வந்த கோயரிங்கை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். நீதிபதிகள் அவரைப் பலமுறை மன்றத்திலிருந்து வெளியேற்றினர். அவர் மன்றத்தில் நிற்பதே நாஜிகளின் வழக்கை உடைக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. அந்த டிசம்பரில் டிமிட்ரோவ் விடுதலை செய்யப்பட்டார். நம் நாட்டில் 1929 முதல் 1933 வரை நடந்த மீரட் சதி வழக்கில் முசாபர் அகமது, டாங்கே, காட்டே, அதிகாரி உள்ளிட்டோர் குற்றவாளிக் கூண்டைப் பிரச்சார மேடையாக்கினர். கம்யூனிசம் என்றால் என்ன என்று மாதக்கணக்கில் அவர்கள் அளித்த வாக்குமூலங்களை நாளேடுகள் வழியே நாடே படித்தது. சதிகாரர்கள் என்று முத்திரை குத்த நடத்தப்பட்ட வழக்கு, இயக்கத்தை அறிமுகம் செய்யும் வழக்காக முடிந்தது. கூண்டு காலியாக இருந்திருந்தால் இது நடந்திராது.

காலனி அரசு காத்திருந்தது. இன்றைய அரசு காத்திராது

இன்னொரு வழக்கையும் நினைவுகூர வேண்டும். 1924 கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கில் எம்.என். ராயின் பெயரும், சென்னையிலிருந்து ம. சிங்காரவேலரின் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தன. சிங்காரவேலர் நோயுற்றிருந்ததால் கான்பூர் கூண்டில் நிறுத்தப்படவில்லை. ராய் வெளிநாட்டில் இருந்தார். வழக்கில் டாங்கே, முசாபர் அகமது, ஷவுகத் உஸ்மானி, நளினி குப்தா நால்வருக்கும் நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ராயைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் அரசு அவரை எவ்வளவு வெறுத்தபோதிலும், அவர் இல்லாமல் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை. 1931 ஜூலையில் பம்பாயில் அவர் கைது செய்யப்பட்ட பிறகே பழைய வழக்கில் விசாரித்துத் தண்டித்தது. அந்த விசாரணையும் சிறைக்குள் நடந்த அநீதியான விசாரணைதான். ஆனாலும் தலைமறைவாக உள்ளவருக்கு எதிராகச் சாட்சியத்தைப் பதிவு செய்து வைக்கலாம், தண்டிக்க முடியாது என்பது அன்றைய பொதுச் சட்டத்தின் எல்லையாக இருந்தது. லாகூரில் அந்த எல்லையைத் தாண்டுவதற்குத்தான் தனியொரு அவசரச் சட்டம் வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பிறகு வந்த 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதே எல்லையைக் காத்தது. எல்லாச் சாட்சியங்களும் குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில், அவர் நேரில் வருவதற்கு விலக்கு பெற்றிருந்தால் அவரது வழக்கறிஞர் முன்னிலையில் பதிவாக வேண்டும் என்றது 273ஆம் பிரிவு. தலைமறைவானவருக்கு எதிரான சாட்சியத்தைப் பதிவு செய்து வைக்க 299ஆம் பிரிவு வழி செய்தது. தீர்ப்பு எழுத வழி செய்யவில்லை. 1966இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 14ஆவது பிரிவு, தம் முன்னிலையில் விசாரிக்கப்படும் உரிமையைக் குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. இந்தியா 1979இல் அதில் இணைந்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு இந்த எல்லையை அழித்துவிட்டது. காலனியச் சட்டங்களிலிருந்து விடுதலை என்ற முழக்கத்தோடு கொண்டுவரப்பட்ட சட்டம் இது. காலனி அரசு ஒரு வழக்குக்கென்று, ஆறு மாதங்களே ஆயுள் கொண்ட அவசரச் சட்டத்தால் செய்ததை, இது எல்லாக் காலத்துக்குமான பொதுச் சட்டமாக்கியிருக்கிறது. 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 140க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நாள்களில் இது நிறைவேறியது. எதிர்த்தரப்பு இல்லாமல் விசாரிக்கலாம் என்ற சட்டம், எதிர்த்தரப்பு இல்லாத அவையில் பிறந்தது.

356ஆம் பிரிவு சொல்வதென்ன?

பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்ட ஒருவர் விசாரணையைத் தவிர்க்கத் தலைமறைவாகி, உடனடியாகக் கைது செய்யப்படும் வாய்ப்பு இல்லை என்றால், நேரில் விசாரிக்கப்படும் உரிமையை அவர் துறந்துவிட்டதாகக் கருதப்படும். நீதிமன்றம் காரணங்களைப் பதிவு செய்து, அவர் இருப்பது போலவே விசாரணை நடத்தித் தீர்ப்பும் வழங்கலாம். குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளிலிருந்து 90 நாள் கழிந்த பிறகே விசாரணை தொடங்க வேண்டும். அதற்கு முன் குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டு பிடியாணைகள் பிறப்பிக்க வேண்டும். அவர் கடைசியாக வாழ்ந்த பகுதியில் வெளியாகும் நாளேட்டில் அறிவிப்பு வெளியிட வேண்டும். உறவினர் அல்லது நண்பருக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒட்ட வேண்டும். காவல் நிலையத்தில் வைக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லையெனில் அரசு செலவில் ஒருவர் அமர்த்தப்படுவார்.

தாளில் இவை பாதுகாப்புகளாகத் தெரிகின்றன. தரையில் வைத்துப் பார்த்தால் வேறு தோற்றம் கிடைக்கிறது. சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டில் ஒரு குக்கிராமம். அங்கே நாளேடு போவதில்லை. போனாலும் அது பேசும் மொழி கோண்டி அல்ல. குற்றப்பத்திரிகையில் தம் பெயர் தலைமறைவானவராகச் சேர்க்கப்பட்டிருப்பதே தெரியாமல் ஓர் ஆதிவாசி ஆந்திரத்துக்கு மிளகாய் பறிக்கச் சென்றிருப்பார். இன்னொரு பக்கம் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலை தேடி ஆண்டுக்கு ஒரு மாநிலம் மாறும் தொழிலாளர்கள். 'கடைசியாக வாழ்ந்த முகவரி' என்பது இவர்களுக்கு எதைக் குறிக்கும்? ஒட்டப்பட்ட அறிவிப்பை யார் படிப்பார்? ஊரில் இல்லாததற்கு வறுமை காரணமா, தப்பிக்கும் நோக்கம் காரணமா என்பதைக் காவல்துறையின் அறிக்கையிலிருந்துதான் நீதிமன்றம் அறியும்.

பத்தாண்டும் அதற்கு மேலும் சிறை, ஆயுள், தூக்கு ஆகிய தண்டனைகளுக்குரிய குற்றங்களில்தான் ஒருவரைத் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்க முடியும். ஆகவே இது கொடுங்குற்றவாளிகளுக்கு மட்டுமே என்ற சமாதானம் சொல்லப்படுகிறது. யுஏபிஏ சட்டத்தின் சதிப் பிரிவும், தேசத்துரோகச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவும் ஆயுள் தண்டனை வரை போகின்றன. ஆக, அரசை விமர்சிப்பவர்கள் மீது வழக்கமாகப் பாயும் சட்டங்கள் இந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. இதுவும் போதாதென்று, அறிவிப்பாணை ஒன்றின் மூலம் மற்றத் தலைமறைவானவர்களுக்கும் இப்பிரிவை விரிவாக்க மாநில அரசுக்கு அதே பிரிவின் கடைசி உட்பிரிவு அதிகாரம் தருகிறது.

மிகக் கொடிய பகுதி அதன் பின்விளைவில் இருக்கிறது. விசாரணை நடக்கும்போது பிடிபட்டால், தாம் இல்லாதபோது பதிவான சாட்சியத்தை ஆராய நீதிமன்றம் அவரை அனுமதிக்க'லாம்'. அனுமதித்தே ஆக வேண்டும் என்பதில்லை. தீர்ப்புக்குப் பின் பிடிபட்டால், மறுவிசாரணைக்கு உரிமை இல்லை. மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நேரில் வர வேண்டும். தீர்ப்பு வந்து மூன்றாண்டு கடந்துவிட்டால் மேல்முறையீடே இல்லை. தமக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதை நான்காம் ஆண்டில் கைதாகும்போது முதன்முறையாக அறியும் ஒருவர், ஒரு சாட்சியைக்கூட ஒருமுறையேனும் கேள்வி கேட்காமல் வாழ்நாளைச் சிறையில் கழிக்க நேரும். சட்டத்தின் எழுத்து இதற்கு இடம் தருகிறது.

தாவூத் இப்ராகிமைத் தண்டிக்க வேண்டாமா?

மசோதாவை அறிமுகப்படுத்தியபோது உள்துறை அமைச்சர் தாவூத் இப்ராகிமைத்தான் உதாரணமாகக் காட்டினார். பொதுமக்களிடம் இந்த வாதத்துக்கு ஈர்ப்பு இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. கோடிக்கணக்கில் வங்கிப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு லண்டனில் வாழும் முதலாளிகளைப் பார்த்துக் கொதிக்கும் தொழிலாளிக்கு, அவர்கள் வராவிட்டாலும் தண்டிக்கலாம் என்பது நியாயமாகவே தோன்றும்.

ஆனால் வெளிநாட்டில் இருப்பவர் மீது இங்கே எழுதப்படும் தீர்ப்பு அவரைச் சிறைக்குக் கொண்டுவராது. அதற்கு நாடு கடத்தல் வேண்டும். தம் முன்னிலையில் விசாரிக்கப்படாதவரை ஒப்படைக்கப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் தயங்கும். மறுவிசாரணை உறுதியைக் கேட்கும். சொத்துகளைப் பறிமுதல் செய்ய 2018இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. எனவே பெரும்புள்ளிகள் மீது 356ஆம் பிரிவின் பலன் நாளேட்டுத் தலைப்போடு நின்றுவிடும். அதன் முழு எடையும் இங்கேயே இருந்து, அகப்பட்டு, சிறைக்குள் தள்ளப்படக் கூடிய எளிய மனிதர் மீதுதான் விழும்.

ஆள் இல்லா விசாரணைக்கு உலக அனுபவமும் உண்டு. நியூரம்பர்க் தீர்ப்பாயம் நாஜித் தலைவர் மார்ட்டின் போர்மனை அவர் இல்லாமலே விசாரித்து 1946இல் தூக்குத் தண்டனை விதித்தது. அவர் 1945 மே மாதத்திலேயே இறந்துவிட்டார் என்பது பல பத்தாண்டுகளுக்குப் பின் எலும்புகளை ஆய்ந்தபோது உறுதியாயிற்று. செத்தவரை விசாரித்துத் தண்டித்திருக்கிறது மன்றம். இத்தாலியில் இல்லாதபோதே தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், 1985இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது: தம் மீதான வழக்கை அறிந்து, தெளிவாகத் தமது உரிமையைத் துறக்காத ஒருவர், பின்னர் வந்து நிற்கும்போது குற்றச்சாட்டின் மீது புதிதாக விசாரணை பெற வழி இருக்க வேண்டும். ஆள் இல்லாமல் விசாரிக்கவே கூடாது என்று அம்மன்றம் சொல்லவில்லை. திரும்பி வருபவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றது. இந்தியச் சட்டம் அந்தக் கதவைத்தான் மூடிவிட்டது.

சிறையில் இருந்தும் வர முடியாதவர்கள்

தோழர்களே, தலைமறைவானவரை விட்டுவிடுவோம். ஓடாமல், ஒளியாமல், அரசின் பிடியிலேயே இருப்பவர் நீதிமன்றத்துக்கு வருகிறாரா?

தேசியக் குற்றப் பதிவு ஆணையத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு 75.8 பேர். இவர்களைச் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கு அழைத்து வர வண்டி வேண்டும், வழிக்காவலுக்குக் காவலர் வேண்டும். தலைவர்கள் வருகை, திருவிழா, தேர்தல் என்று எது வந்தாலும் முதலில் வெட்டப்படுவது வழிக்காவல்தான். கைதி வரவில்லை, வாய்தா. சாட்சி வந்தும் கைதி வரவில்லை, மீண்டும் வாய்தா. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த மகாராஷ்டிர ஜாமீன் வழக்கொன்றில், ஆறாண்டுகளில் 102 வாய்தாக்கள் கடந்திருந்தும், பெரும்பாலான நாள்களில் கைதி நேரிலோ காணொலியிலோ முன்னிலைப்படுத்தப்படவில்லை என்பது வெளியாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், பீமா கோரேகான் வழக்கில் தலோஜா சிறையில் இருந்தோர், தங்களை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தவில்லை என்பதற்காக உண்ணாநிலை இருக்க வேண்டியதாயிற்று. 1929இல் உண்ணாநிலையால் நீதிமன்றத்துக்கு வர இயலவில்லை. 2024இல் நீதிமன்றத்துக்கு வருவதற்காகவே உண்ணாநிலை. ஓடியவர் உரிமையைத் துறந்ததாக எழுதும் அரசு, தன் காவலில் இருப்பவரைக் கொண்டுவராதபோது தன்மீது எந்தத் தீர்ப்பையும் எழுதிக்கொள்வதில்லை.

இதற்கு மருந்தாகக் காணொலி காட்டப்படுகிறது. 2003இல் மகாராஷ்டிர அரசு - பிரபுல் தேசாய் வழக்கில், நேரில் வராமல் காணொலி வழியே தோன்றுவதும் 'முன்னிலை' ஆகும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது அமெரிக்காவில் இருந்த ஒரு மருத்துவரின் சாட்சியத்தைப் பதிவு செய்வது பற்றிய வழக்கு. சாட்சிக்காகச் சொல்லப்பட்டது படிப்படியாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நீண்டது. புதிய சட்டத்தில் நீதிமன்றக் காவல் நீட்டிப்பு, சாட்சியப் பதிவு, விசாரணை என எங்கும் காணொலி நுழைந்துவிட்டது. நேரில் வருவது என்றாலே காணொலியும் அடங்கும் என்று 355ஆம் பிரிவுக்கு விளக்கமும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

காணொலிக்குப் பயன் இல்லை என்று எவரும் சொல்லவில்லை. வெறும் வாய்தா நாளில் முந்நூறு கிலோமீட்டர் வண்டியில் அடைந்து வருவதைவிட அது மேல். நோயாளிக்கும் முதியவருக்கும் அது உதவி. அந்தத் தேர்வு கைதியின் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. திரையில் தெரியும் முகத்தின் பின்னால் சிறைக் காவலர் நிற்பார். வழக்கறிஞரோடு தனியே பேச வழி இருக்காது. இணைப்பு அறுந்தால் எந்த வாக்கியம் விடுபட்டது என்று எழுத்தர் எழுத மாட்டார். நீதிமன்ற வராந்தாவில் மனைவியையும் பிள்ளையையும் ஐந்து நிமிடம் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். அடிபட்டவரின் உடம்பைத் திரை காட்டாது.

24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்வது, உயிருள்ள ஒரு மனிதரை இன்னொரு மனிதர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்ட தந்தையும் மகனும் முறையாகப் பார்வையிடப்படாமலேயே சிறைக்கு அனுப்பப்பட்டனர் என்ற குற்றச்சாட்டை நாடே கேட்டது. அடுத்தடுத்து இருவரும் இறந்தனர். அங்கே காணொலிகூட இல்லை. முன்னிலைப்படுத்துதல் வெறும் கையெழுத்தாகச் சுருங்கியதே அங்கு நடந்தது. காவல்துறைக் காவலுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் நேரில் நிறுத்த வேண்டும் என்பதைப் புதிய சட்டமும் 187ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. அந்த ஒரு வரியையாவது உயிருள்ளதாக வைத்திருப்பது போராட்டத்தின் பொறுப்பு.

உடம்பு இருந்தும் ஆள் இல்லை

முன்னிலைக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. அதுவே மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. அது மொழி. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், திறந்த நீதிமன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் அதைச் சொல்ல வேண்டும் என்று பழைய சட்டத்தின் 279ஆம் பிரிவு கூறியது. புதிய சட்டமும் கூறுகிறது. நடைமுறையில் நடப்பது என்ன? செம்மரம் வெட்டச் சென்றதாக ஆந்திரச் சிறைகளில் அடைக்கப்பட்ட ஜவ்வாது மலை, கல்வராயன் மலைக் கூலித் தொழிலாளர்களுக்குத் தெலுங்கு தெரியாது. திருப்பூரிலும் சென்னையிலும் கைதாகும் ஒடியா, சந்தாலி பேசும் தொழிலாளிக்குத் தமிழ் தெரியாது. பஸ்தரின் கோண்டி பேசும் பெண்ணுக்கு இந்தி தெரியாது. அவர்கள் கூண்டில் நிற்கிறார்கள்; பதிவேட்டில் 'எதிரி ஆஜர்' என்று எழுதப்படுகிறது. சாட்சி பேசுகிறார், வழக்கறிஞர் பேசுகிறார், நீதிபதி பேசுகிறார். தம் வாழ்வைப் பற்றிய அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் விளங்காமல் அவர் மீண்டும் வண்டியில் ஏற்றப்படுகிறார். லாகூரில் கூண்டு காலியாக இருந்தது. இங்கே கூண்டில் ஆள் இருந்தும் விசாரணை ஆள் இல்லாமலே நடக்கிறது.

பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லாத நீதிமன்றத்தில் யார் மொழிபெயர்ப்பார்? பெரும்பாலும் அங்கே நிற்கும் ஒரு காவலர், அல்லது மொழி அரைகுறையாகத் தெரிந்த இன்னொரு கைதி. 'அடித்தேன்' என்பதற்கும் 'தள்ளினேன்' என்பதற்கும் இடையில் சில ஆண்டுச் சிறை இருக்கிறது. 'இருந்தேன்' என்பதற்கும் 'வந்தேன்' என்பதற்கும் இடையில் ஒரு சதிக் குற்றச்சாட்டே இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். 356ஆம் பிரிவு நீக்கப்பட வேண்டும். அது நீடிக்கும் வரை, பிடிபட்டவருக்கோ சரணடைந்தவருக்கோ மறுவிசாரணை உரிமையாக வழங்கப்பட வேண்டும். மூன்றாண்டு மேல்முறையீட்டுத் தடை அகற்றப்பட வேண்டும். ஆள் இல்லாத விசாரணையில் தூக்குத் தண்டனை விதிக்கவே கூடாது. சாட்சியப் பதிவின்போது நேரில் இருப்பது விதியாகவும், காணொலி கைதியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு கூடிய விலக்காகவும் இருக்க வேண்டும். வழிக்காவலுக்கென்று தனிப் பிரிவு வேண்டும். அரசின் தவறால் கைதி தொடர்ந்து முன்னிலைப்படுத்தப்படாவிட்டால், அதுவே ஜாமீனுக்குக் காரணமாக வேண்டும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் புலம்பெயர் தொழிலாளர், ஆதிவாசிகளின் மொழிகளுக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும்.

கோரிக்கை வைப்பதோடு வேலை முடிவதில்லை. மறியல் வழக்கிலும் வேலைநிறுத்த வழக்கிலும் சேர்க்கப்பட்ட தோழர்கள் பலர், சில ஆண்டுகளில் வீடு மாறி, ஊர் மாறிவிடுகின்றனர். அழைப்பாணை பழைய முகவரிக்குப் போய்த் திரும்புகிறது, பிடியாணை பிறக்கிறது. சிறு வழக்குகளுக்கு இன்று 356ஆம் பிரிவு பொருந்தாது. ஆனால் அதை விரிவாக்கும் அதிகாரம் மாநில அரசின் கையில் இருப்பதை மறக்கலாகாது. ஒவ்வொரு கிளையிலும் வழக்குப் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும்: யார் மீது என்ன வழக்கு, எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா எப்போது, இப்போதைய முகவரி நீதிமன்றத்தில் தரப்பட்டதா? இது சலிப்பூட்டும் வேலைதான். ஒருவரின் பத்தாண்டு வாழ்வைக் காக்கவும் கூடியது. புலம்பெயர் தொழிலாளி ஒருவர் கைதானால், அவரது மொழி தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து வழக்கறிஞரிடம் கொண்டு சேர்ப்பது தொழிற்சங்கத்தின் வேலைகளில் ஒன்றாக வேண்டும். தோழர்களின் வழக்கு நாள்களில் நான்கு பேர் நீதிமன்றத்தில் போய் உட்கார்வதற்கும் பொருள் உண்டு. மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும் மன்றத்தில் சில தவறுகள் நடக்கத் தயங்கும்.

1929இல் மத்திய சட்டமன்றத்தில் தோற்ற ஒரு யோசனை, 94 ஆண்டுகளுக்குப் பின் நாடாளுமன்றத்தில் வென்றிருக்கிறது. அன்று அதைத் தடுத்தது அவையின் எண்ணிக்கை மட்டுமல்ல; ஜதீந்திரநாத் தாஸின் உடல் லாகூரிலிருந்து கல்கத்தா சென்ற வழியெங்கும் திரண்டு நின்ற மக்களும்தான். குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்ற எளிய உண்மையை அம்மக்களுக்கு எவரும் சட்டப் புத்தகத்திலிருந்து கற்பிக்கவில்லை. அந்த உண்மையை மீண்டும் மக்களிடம் கொண்டு செல்வது இன்றைய கடமை.